பெயரற்றோர் களத்தில் புகழ்பெற்றோர்

மேடையிலே வீரனாகத் தோன்றுபவனைக் கண்டு கைதட்டும் மக்கள், அவன் மேடையை விட்டு இறங்கியதும் தமக்குள் ஒரு வினாவை எழுப்பிக்கொள்வது உலக இயல்பு. ஒப்பனை களைந்து, பட்டாடை நீக்கி, உடன்வரும் ஏவலரையும் விலக்கிவிட்டுப் பார்த்தால் இவன் எத்தகையவன் என்பதே அவ்வினா. புகழ் என்பது தோன்றிய நாள் தொட்டு இந்த ஐயமும் அதன் நிழல்போலத் தொடர்ந்து வந்திருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொலைக்காட்சி இவ்வையத்தையே ஒரு போட்டியாக்கிவிட்டது. நடிகரையும் பாடகரையும் விளையாட்டு வீரரையும் அரசியல்வாதியையும் படைவீரருக்குரிய கடும்பயிற்சிகளில் இறக்கி, யார் தாக்குப்பிடிக்கிறார், யார் இடையிலே விட்டுச் செல்கிறார் என்று காட்டும் நிகழ்ச்சிகள் பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலே பெருந்தொகையான மக்களைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தின. வெறும் பொழுதுபோக்கெனத் தோன்றும் இந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னே ஒரு படைப்பிரிவின் எண்பதாண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றை அறியாதார் அப்போட்டியின் பொருளையும் அறியார்.

புகழ்பெற்றோரைப் போர்க்களச் சாயலுள்ள அரங்கில் இறக்கிப் பார்க்கும் ஆவல் புதியதன்று. பண்டைய உரோமாபுரியின் வாட்போர் அரங்குகளிலே பொருதவர்கள் பெரும்பாலும் அடிமைகளும் போர்க்கைதிகளும் குற்றவாளிகளுமே. ஆயினும் உயர்குடிப் பிறந்தோர் சிலரும் அவ்வரங்கின் ஆரவாரத்தால் ஈர்க்கப்பட்டனர். கி.பி. 19ஆம் ஆண்டில், திபேரியஸ் பேரரசன் காலத்தில், மூதவையினர் குடும்பத்தாரும் குதிரைவீரர் வகுப்பாரும் நாடக மேடையிலோ வாட்போர் அரங்கிலோ தோன்றலாகாது என உரோம மூதவை தீர்மானம் இயற்றியது. அத்தீர்மானம் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று, இத்தாலியில் பழைய லரினம் நகரம் இருந்த இடத்திலே 1978இல் கண்டெடுக்கப்பட்டது. ஒரு செயலைச் சட்டம் இட்டுத் தடுக்க வேண்டி நேர்ந்ததென்றால், அச்செயலைச் செய்ய முற்பட்டோர் பலர் இருந்தனர் என்பது வெளிப்படை. கி.பி. 180 முதல் 192 வரை ஆண்ட கொமொடஸ் என்னும் பேரரசனோ, சட்டத்தையும் மானத்தையும் ஒருங்கே புறந்தள்ளித் தானே வாளேந்தி அரங்கிற் புகுந்தான். அவனை எதிர்த்து நின்றவன் வெல்லப்போவதில்லை என்பதைப் பார்த்திருந்தோர் அனைவரும் அறிவர். முடிவு முன்னரே தெரிந்த போட்டி சோதனை ஆகாது. அது பேரரசனின் புகழுக்கு மேலும் ஓர் ஒப்பனையே. புகழ்பெற்றோரை உண்மையாகவே சோதிக்க விரும்பும் அரங்கு, அவர்தம் புகழை வாயிலிலேயே கழற்றி வைக்கச் செய்தல் வேண்டும். மனிதனின் பெயரையும் பதவியையும் ஒதுக்கிவிட்டு அவன் உள்ளுரத்தை மட்டும் அளக்கும் முறையொன்றை இருபதாம் நூற்றாண்டிலே வகுத்துத் தந்தது அரங்கமன்று, ஒரு படை.

அதுவே பிரித்தானியாவின் விசேட வான்சேவைப் படை. எஸ்.ஏ.எஸ். என்னும் மூன்றெழுத்தால் உலகம் அதனை அறியும். இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1941 யூலை மாதத்தில், எகிப்தில் அது பிறந்தது. டேவிட் ஸ்டேர்லிங் என்னும் ஸ்கொத்லாந்து இளம் அதிகாரி பரசூட் மூலம் குதித்தபோது காயமுற்று மருத்துவமனையிற் கிடந்தார். படுக்கையிற் கிடந்தவாறே அவர் ஒரு திட்டத்தை எழுதினார். பெரும்படை கொண்டு எதிரியை முன்னின்று தாக்குவதற்குப் பதிலாக, நாலைந்து பேர் கொண்ட சிறு குழுக்கள் பாலைவனத்தினூடே எதிரியின் பின்புறஞ் சென்று, விமானத் தளங்களிலே நிற்கும் விமானங்களை இரவோடிரவாக அழிக்கலாம் என்பது அத்திட்டம். ஊன்றுகோலுடன் தலைமையகத்துக்குச் சென்ற அவர், காவலர் கண்ணில் மண்ணைத் தூவி உட்புகுந்து, உயர் அதிகாரியிடம் தம் திட்டத்தை நேரிற் கொடுத்தார் என்று கூறுவர்.

இப்படைக்கு வாய்த்த பெயரிலே ஒரு வேடிக்கை உண்டு. 'விசேட வான்சேவைப் பிரிகேட்' என்று ஒரு படை அப்போது இருக்கவேயில்லை. மத்திய கிழக்கிலே பிரித்தானியாவிடம் பெரிய பரசூட் படை ஒன்று இருப்பதாக எதிரியை நம்பவைக்கும் பொருட்டு, வஞ்சனைத் திட்டங்களில் வல்லவரான டட்லி கிளார்க் என்னும் அதிகாரி புனைந்த வெற்றுப் பெயர் அது. இல்லாத படைக்கு இடப்பட்ட அப்பெயரை, ஏறக்குறைய அறுபத்தைந்து பேர் கொண்ட ஸ்டேர்லிங்கின் சிறு குழு ஏற்றுக்கொண்டது. பிற்காலத்திலே தொலைக்காட்சியின் காட்சிப்பொருளாக மாறப்போகும் இப்படை, பெயரளவில் ஒரு பாவனையாகவே பிறந்தது என்பது வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று.

ஆனால் பெயரிற் பாவனை இருந்ததேயன்றிப் பயிற்சியிற் பாவனை இருக்கவில்லை. சுயெஸ் கால்வாய்ப் பகுதியிலுள்ள கப்ரித் என்னும் இடத்தில் அவர்கள் முகாம் அமைத்தனர். போதிய கூடாரங்கள் கிடைக்காமையால், அயலிலிருந்த நியூசிலாந்துப் படையினரின் முகாமிலிருந்து இரவிலே கூடாரங்களைக் கவர்ந்து வந்ததே இப்படையின் முதல் தாக்குதல் என்று நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. பயிற்சியை வகுத்தவர் ஜொக் லூயிஸ் என்னும் அதிகாரி. பரசூட்டிலிருந்து தரையில் விழுவதைப் பழகுவதற்காக ஓடும் லொறிகளிலிருந்து வீரர் பின்புறமாகக் குதித்தனர். எலும்பு முறிந்தோர் பலர். முதுகிற் பாரஞ் சுமந்து, குறைந்த நீரோடு, இரவெல்லாம் பாலைவனத்தில் நடந்தனர். 1941 ஒக்டோபரில், விமானத்திலிருந்து குதித்த இருவரின் பரசூட்டுகள் விரியாமையால் அவ்விருவரும் உயிரிழந்தனர். பழுதான இணைப்பு அன்றிரவே மாற்றப்பட்டது. மறுநாட் காலை விமானம் மேலெழுந்தபோது முதலிற் குதித்தவர் ஸ்டேர்லிங். ஏவுபவன் முதலில் தானே செய்துகாட்ட வேண்டும் என்ற நெறி அன்று நிலைநாட்டப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் நடைபெற்ற முதற் பெருந்தாக்குதல் தோல்வியில் முடிந்தது. கடும்புயலிலே குதித்த ஐம்பத்தைந்து பேரளவில் இருபதுக்குச் சற்று மேற்பட்டோரே மீண்டனர். எஞ்சியோர் மனந்தளராது, பரசூட்டைக் கைவிட்டு, பாலைவன வழியறிந்த வேறொரு படையினரின் வாகனங்களிற் சென்று தாக்கத் தொடங்கினர். வெற்றி அதன்பின்னரே வந்தது. லூயிஸ் அவ்வாண்டு டிசெம்பரிலே உயிர்துறந்தார். ஸ்டேர்லிங் 1943 ஜனவரியிற் சிறைப்பட்டார். போர் முடிந்ததும், 1945 ஒக்டோபரில், இனித் தேவையில்லையென்று படையே கலைக்கப்பட்டது.

அப்படைக்கு மறுவாழ்வு அளித்தது மலாயாக் காடு. அங்கே 1948இல் மூண்ட கெரில்லாப் போரை எதிர்கொள்வதற்காக, 1950இல் மைக் கல்வெர்ட் என்னும் அதிகாரி ஒரு படையைத் திரட்டினார். அது அவசரத்திற் சேர்க்கப்பட்ட படை. திறமையுடையோரும் இருந்தனர், கட்டுப்பாடற்றோரும் இருந்தனர். மூவர் நால்வராகப் பிரிந்து, வாரக்கணக்கில் அடர்காட்டில் மறைந்திருக்க வேண்டிய வேலைக்கு எல்லாரும் ஏற்றவரல்லர் என்பது விரைவிலே தெளிவாயிற்று. அங்கே பணியாற்றிய ஜோன் வூட்ஹவுஸ் என்னும் அதிகாரி 1952இல் இங்கிலாந்து திரும்பி, சேர விரும்புவோரை முன்னரே சோதித்துத் தெரிந்தெடுக்கும் முறையொன்றை வகுத்தார். இன்று தொலைக்காட்சியிற் காணப்படும் போட்டிகளுக்கெல்லாம் மூலம் அதுவே.

வூட்ஹவுஸ் வகுத்த முறையின் உயிர்நாடி யாதெனின், அதட்டல் இல்லாமையே. சாதாரண இராணுவப் பயிற்சியிலே மேலதிகாரி குரலெழுப்புவார். அக்குரலுக்கு அஞ்சிப் பயிலுநன் ஓடுவான். இங்கோ, ஓடு என்று சொல்வாருமில்லை, நில் என்று சொல்வாருமில்லை. வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் மலைகளிலே ஒருவனிடம் தேசப்படமும் திசைகாட்டியும் முதுகுப்பொதியும் கொடுத்து, அடுத்துச் சேரவேண்டிய இடம் இது என்று மட்டும் கூறுவர். எத்தனை மணி நேரத்துள் சேரவேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அங்கே சேர்ந்ததும், இன்னோரிடத்தைக் காட்டுவர். பாராட்டுவதுமில்லை, பழிப்பதுமில்லை. எந்நேரத்திலும் அவன் விலகிக்கொள்ளலாம், லொறி காத்திருக்கும், ஏறினால் யாரும் ஏளனஞ் செய்யார். மழையிலும் மூடுபனியிலும் தனியே நடப்பவனை மேலே செலுத்துவதற்கு அவனுடைய மனத்தைத் தவிர வேறொன்றும் இராது. பிறர் குரலுக்கு அஞ்சி நடப்பவன், குரலே கேளாத காட்டில் என்ன செய்வான் என்பதே வூட்ஹவுஸ் எழுப்பிய வினா. அதற்கு விடை காண்பதற்காகவே அம்மௌனம் வகுக்கப்பட்டது.

இச்சோதனையின் மலைக்கட்டம் ஏறக்குறைய நான்கு வாரம் நீடிக்கும். 2,907 அடி உயரமான பென் இ வான் சிகரத்தை ஏறியிறங்கி நடக்கும் நடை அதில் ஒன்று. இறுதி நடை 40 மைல். முதுகிலே 55 இறாத்தலுக்குக் குறையாத பொதி. 20 மணி நேரத்துள் முடித்தல் வேண்டும். அதன்பின் காட்டுப் பயிற்சி; அதன்பின் தப்பியோடி ஒளிதலும், சிறைப்பட்டோன் போல விசாரணையைத் தாங்குதலும். சேர வருவோர் ஏற்கெனவே பயிற்சிபெற்ற படைவீரர். அவர்களுள்ளும் பத்தில் ஒருவரளவே தேறுவர் என்பர். தேறியவனுக்குக் கிடைக்கும் பரிசு யாது? தன்னுடைய பழைய படையிற் பெற்ற பதவியையும் விட்டுக்கொடுத்து, பெரும்பாலும் அடிநிலையிலிருந்து தொடங்க வேண்டும். தான் எங்கே பணிபுரிகிறான் என்பதை ஊராரிடம் சொல்லலாகாது. பெயரை மறைத்து வாழ்வதற்கு அவன் பெறும் உரிமையே அப்பரிசு.

அச்சோதனை எவருக்கும் தாட்சணியங் காட்டுவதில்லை என்பதற்கு மேஜர் மைக் கீலியின் முடிவு சான்று. 1972 யூலை 19ஆம் நாள், ஓமான் நாட்டின் மிர்பாத் என்னும் சிற்றூரிலே, இருநூற்றைம்பது பேரளவில் வந்து தாக்கிய கெரில்லாக்களை ஒன்பது எஸ்.ஏ.எஸ். வீரர் எதிர்த்து நின்றனர். அந்த ஒன்பதின்மருக்குத் தலைவர் கீலி. அவ்வீரத்துக்காக உயர் விருதும் பெற்றவர். அத்தகையவர், 1979 பெப்ரவரியில், புதியவர்களோடு சேர்ந்து பிரெக்கன் மலையிலே நீள்நடை நடந்தார். யாரும் அவரை நடக்கச் சொல்லவில்லை. தம் உடல்வலி குன்றவில்லை என்பதைத் தாமே சோதித்தறிய விரும்பினார். குளிரும் காற்றும் மழையும் அவர் உயிரைக் கொண்டுபோயின. பகைவர் துப்பாக்கிகள் தீண்டாத வீரனை ஒரு மலைச்சாரல் வென்றது. அன்று அவரைப் படம்பிடிக்க அங்கே எவருமிலர். அருகே மருத்துவக் குழுவும் இல்லை.

இப்படையின் இல்லமான ஹியர்போர்ட் நகரத்து முகாமில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் உண்டு. பணியில் உயிர்நீத்தோரின் பெயர்கள் அதிலே பொறிக்கப்படும். உயிரோடு ஓய்வுபெற்றவனைப் பார்த்து, மணிக்கூட்டை வென்றுவிட்டான் என்று தோழர்கள் கூறுவர். நடுகல் நாட்டிய பண்டைத் தமிழருக்கு இவ்வழக்கம் விளங்காததன்று. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு. வாழுங்காலத்திலே மறைத்து வைக்கப்பட்ட பெயர், மாண்டபின்னரே கல்லில் வெளிப்படுகிறது.

இவ்வாறு மறைந்து வாழ்ந்த படையை ஒரே மாலைப்பொழுதிலே உலகறியச் செய்தது தொலைக்காட்சி. 1980 ஏப்ரில் 30ஆம் நாள், இலண்டனிலிருந்த ஈரானியத் தூதரகத்தை ஆயுதந் தாங்கிய அறுவர் கைப்பற்றி, 26 பேரைப் பணயமாகப் பிடித்தனர். ஆறாம் நாளாகிய மே 5ஆந் திகதி, பணயக் கைதி ஒருவர் கொல்லப்பட்டு அவர் உடல் வெளியே எறியப்பட்டதும், உட்புகுமாறு எஸ்.ஏ.எஸ். படைக்குக் கட்டளை பிறந்தது. அன்று விடுமுறை நாள். பி.பி.சி. தொலைக்காட்சியிலே உலக ஸ்னூக்கர் இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது. அவ்வொளிபரப்பை இடைநிறுத்தி, தூதரக முகப்பிலே குண்டு வெடிப்பதும், கறுப்புடை தரித்து முகமூடி அணிந்தோர் மாடத்தின் வழியே உட்புகுவதும் நேரடியாகக் காட்டப்பட்டன. பதினேழு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஆயுததாரிகள் ஐவர் மாண்டனர், பணயக் கைதிகளுள் மேலும் ஒருவர் உயிரிழந்தார், ஏனையோர் மீட்கப்பட்டனர். முகந்தெரியாத அம்மனிதர் மீது நாடு முழுவதும் வியப்புக்கொண்டது. முகமூடியே அவர்தம் புகழாயிற்று.

புகழ் வந்தபின் வணிகமும் வரும். திரைப்படங்கள் தோன்றின. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரிற் பங்குபற்றிய வீரர் சிலர் புனைபெயரில் நூல்கள் எழுதினர். அவை மிகுதியாக விற்பனையாயின. மௌனமே முறையெனக் கொண்ட படை அதனால் மனங்கலங்கிற்று. பாதுகாப்பு அமைச்சு 1996இல், சேவை இரகசியங்களை வெளியிடுவதில்லையென விசேட படையினரிடம் ஒப்பந்தக் கையொப்பம் வாங்கத் தொடங்கியது. ஆயினும் திறந்த கதவை முற்றாகச் சாத்த இயலவில்லை.

மக்களின் ஆவல் பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரித்தானியாவிலே இளைஞர் அனைவருக்கும் விதிக்கப்பட்டிருந்த கட்டாயப் படைச்சேவைக்கு 1960 டிசெம்பரோடு புதிதாக ஆள் அழைப்பது நின்றது. கடைசியாகச் சேர்ந்தோர் 1963இல் வீடு திரும்பினர். அதற்கு முன்னர் படைமுகாமின் குளிர்ந்த நீரையும் கரடுமுரடான கம்பளத்தையும் அதிகாரியின் அதட்டலையும் அறியாத குடும்பமே அரிது. அதற்குப் பின் வளர்ந்த தலைமுறையினருக்கோ போர் என்பது திரையிற் காணும் பொருளாயிற்று. வீட்டினுள்ளே அறிந்திருந்த ஒன்றைத் தொலைவிலிருந்து பார்க்கும்போதுதான் அது காட்சியாகிறது. 2002இல் பி.பி.சி., பொதுமக்களை எஸ்.ஏ.எஸ். சோதனைக்கு ஒத்த பயிற்சியில் இறக்கியது. 2015 ஒக்டோபரில் சனல் 4 நிறுவனம், அப்படையின் குறிக்கோள் மொழியாகிய 'துணிந்தவன் வெல்வான்' என்பதையே தலைப்பாகக் கொண்டு, முன்னாள் விசேட படையினரைப் பயிற்றுநராக நிறுத்தி ஒரு தொடரைத் தொடங்கியது. 2019 ஏப்ரிலில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் நோக்கோடு, புகழ்பெற்றோர் பங்குபற்றும் தொடர் வந்தது. அத்தொடர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டு மலைகளிலே படமாக்கப்பட்டது.

அந்நிகழ்ச்சியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், வூட்ஹவுசின் முறையிலிருந்து எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்பது புலப்படும். வந்து சேர்ந்ததும் பெயர் பறிக்கப்படுகிறது. கையிலே எண் பொறித்த பட்டி கட்டப்படுகிறது. அதன்பின் அவர் வெறும் எண்ணே. தொலைபேசியில்லை, ஒப்பனையில்லை, எல்லாருக்கும் ஒரே கூரை, ஒரே உணவு. குளிர்நீரிற் பின்புறமாக விழவேண்டும். பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கயிற்றிலே செல்லவேண்டும். ஒருவரையொருவர் குத்தி நிற்கவேண்டும். இயலாதவர் தம் எண்பட்டியைக் கழற்றிப் பயிற்றுநரிடம் கொடுத்துவிட்டு விலகலாம். இவை யாவும் மூலத்தின் சாயல். ஆனால் மூலத்தின் உயிராகிய மௌனம் இங்கில்லை. திரைக்குப் பேச்சு வேண்டும். ஆகவே பயிற்றுநர் முகத்துக்கு நேரே நின்று முழங்குகின்றனர். தனிமையும் இல்லை, ஒவ்வோரடியையும் படப்பிடிப்புக் கருவி பின்தொடர்கிறது. ஒருவனும் பார்க்காதபோது இவன் என்ன செய்வான் என்பது மலை கேட்ட வினா. எல்லாரும் பார்க்கும்போது இவன் என்ன செய்வான் என்பது தொலைக்காட்சி கேட்கும் வினா. இரண்டும் ஒன்றல்ல.

ஆயினும் அந்நிகழ்ச்சிகள் முற்றும் போலியென்று ஒதுக்குதலும் நேர்மையாகாது. களைப்புக்கு நடிக்கத் தெரியாது. குளிருக்கு முகத்தாட்சணியம் இல்லை. தலையிலே துணி மூடி அழைத்துவரப்பட்டுப் பயிற்றுநர் முன் அமர்த்தப்பட்ட புகழாளர் பலர், ஆண்டுக்கணக்காகப் புன்னகையால் மறைத்த துயரங்களை அங்கே வெளியிட்டனர். 2019இல் இங்கிலாந்தின் முன்னாள் உதைபந்தாட்ட வீரர் வேய்ன் பிரிட்ஜ் தேறினார். மறு ஆண்டிலே தேறியவர் லோரன் ஸ்டெட்மன்; பிறவியிலேயே வலது முன்கை இல்லாத பராலிம்பிக் வீராங்கனை அவர். 2023 ஜனவரியில் அமெரிக்காவிலே ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர், ஜோர்தான் நாட்டு வாடி ரம் பாலைவனத்திற் படமாக்கப்பட்டது. அதன் முடிவில் நின்றோர் இருவரே: உதைபந்தாட்ட வீராங்கனை கார்லி லொயிட்டும், தொலைக்காட்சியாற் புகழ்பெற்ற ஹன்னா பிரவுனும். தோள்வலியே வலிமையெனக் கருதியிருந்தோர்க்கு அது ஒரு பாடம். உண்மையான படையிலுமே, பிரித்தானியா 2018 ஒக்டோபரில் விசேட படைகள் உட்பட எல்லாப் போர்ப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது.

இவ்வளவும் நன்று. எனினும் இதற்கு எதிராக எழுந்த குரலையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. 2012 ஓகஸ்டில் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம், புகழ்பெற்றோரை முன்னாள் படைவீரரோடு இணைத்து, உண்மைத் தோட்டாக்களும் வெடிபொருளும் பயன்படுத்தும் போட்டியொன்றை ஒளிபரப்பியது. அதனைத் தொகுத்து வழங்கியோருள் ஒருவர், நேட்டோப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற ஜெனரல் வெஸ்லி கிளார்க். டெஸ்மண்ட் டூட்டு உட்பட நொபெல் சமாதானப் பரிசு பெற்றோர் ஒன்பதின்மர், அந்நிகழ்ச்சியை நிறுத்துமாறு கோரிப் பகிரங்கக் கடிதம் எழுதினர். போர் விளையாட்டுமன்று, பொழுதுபோக்குமன்று என்பது அவர்கள் வாதம். படைவீரருக்கு மதிப்பளிப்பதே தன் நோக்கமென்று நிறுவனம் விடையளித்தது. நான்கு வாரத்தோடு அத்தொடர் முடிந்தது, மீண்டும் வரவில்லை. அதிலே பயிற்றுத் துணைவராக நின்ற கிறிஸ் கைல் என்னும் புகழ்பெற்ற குறிசூட்டு வீரர், 2013 பெப்ரவரியில், மனநலங் குன்றிய முன்னாட் படைவீரன் ஒருவனுக்கு உதவ முனைந்தபோது அவனாலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். போரிலிருந்து திரும்பியவன் உள்ளத்திற் சுமந்துவரும் புண் எந்தப் போட்டியிலும் இடம்பெறுவதில்லை.

கட்டாயப் படைச்சேவை இன்றும் நிலவும் தென்கொரியாவிலே நிலைமை வேறு. அங்கே 2013 ஏப்ரில் முதல் 2016 வரை எம்.பி.சி. நிறுவனம் நடத்திய தொடர், நடிகரையும் பாடகரையும் உண்மையான படைமுகாம்களிலே மெய்யான வீரரோடு தங்கவைத்தது. அதனைப் பார்த்த தாய்மாருக்கு அது தொலைதூரக் காட்சியன்று. தம் மகன் சென்றிருக்கும், அல்லது செல்லவிருக்கும் இடம். போரை வெகுதூரத்திலே வைத்திருக்கும் நாடும், எல்லையிலே வைத்திருக்கும் நாடும் ஒரே நிகழ்ச்சியை ஒரே கண்ணாற் பார்ப்பதில்லை.

காட்சிக்கும் மெய்க்கும் உள்ள இடைவெளி மிகக் கொடுமையாக வெளிப்பட்டது அவுஸ்திரேலியாவில். அந்நாட்டுத் தொலைக்காட்சி, எஸ்.ஏ.எஸ். என்னும் பெயராலேயே புகழ்பெற்றோர் போட்டியொன்றை 2020 ஒக்டோபரில் தொடங்கியது. அப்போட்டியின் பயிற்றுநர் பிரித்தானிய, அமெரிக்கப் படைகளிலிருந்து வந்தோர், அவுஸ்திரேலியாவின் எஸ்.ஏ.எஸ். படைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் பெயர் ஒன்றே. அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், அந்நாட்டின் விசேட படையினர் ஆப்கானிஸ்தானிலே புரிந்த செயல்கள் குறித்து நீதிபதி பிரெரெட்டன் நடத்திய விசாரணையின் அறிக்கை வெளியாயிற்று. சிறைப்பட்டோரும் பொதுமக்களுமாக 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்பதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டென அது கூறிற்று. எஸ்.ஏ.எஸ். படையின் ஓர் உட்பிரிவையே கலைப்பதாக இராணுவத் தளபதி அறிவித்தார். மக்கள் ஒரே மாதத்திலே அப்பெயரின் இருமுகங்களையும் கண்டனர். ஒன்று, குளிர்நீரிலே நடுங்கும் நடிகருக்கு உறுதியூட்டும் முகம். மற்றொன்று, யாரும் பார்க்காத தொலைநாட்டுச் சிற்றூரிலே, மௌனம் குற்றத்துக்குத் திரையான முகம். உள்ளுரத்தை அளக்கும் சோதனை அறத்தையும் அளந்துவிடும் என்று நம்புவது பிழை என்பதை அவ்வறிக்கை உணர்த்திற்று. பெயரின்மை தன்னலமறுப்பாகவும் அமையலாம். பொறுப்பை மறைக்கும் போர்வையாகவும் அமையலாம்.

மெய்யான சோதனையும் தன் விலையை வாங்கத் தவறவில்லை. 2013 யூலையில், கடும் வெயில் எரித்த ஒரு நாளிலே, அதே பிரெக்கன் மலைகளில் 16 மைல் நடந்த தொண்டர்படை வீரர் மூவர் வெப்பத்தின் கொடுமையால் உயிரிழந்தனர். 2015இல் மரண விசாரணை அதிகாரி, அம்மரணங்களுக்கு மேற்பார்வையாளரின் கவனக்குறைவும் காரணமெனத் தீர்ப்பளித்தார். அம்மூவரும் நடந்த மலையிலே கைதட்டுவோர் இல்லை. எண்பட்டியைக் கழற்றிக்கொடுத்ததும் மறுநாள் வெளியாகும் பேட்டியும் இல்லை. மௌனம் மனிதனைச் சோதிக்கலாம். ஆனால் அவனைக் காக்கவேண்டிய கடமையுள்ளோர் மௌனமாயிருத்தல் ஆகாது.

புகழ்பெற்றோர் சில நாள் பெயரிழந்து நிற்கின்றனர். நிகழ்ச்சி முடிந்ததும் முன்னினும் பெரும்புகழோடு பெயரைத் திரும்பப் பெறுகின்றனர். கொமொடஸ் தன் கிரீடத்தோடு அரங்கிற் புகுந்தான். இவர்கள் அதனை வாயிலிலே கழற்றிவைத்துப் புகுகின்றனர். அவ்வளவில் இது உரோமாபுரியினும் மேலானதே. ஆனால் அவர்கள் கடன்வாங்கிய சோதனை, பெயரைத் திரும்பப் பெறும் எண்ணமேயில்லாத மனிதருக்காக வகுக்கப்பட்டது. தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்போர் நடிகனின் நடுக்கத்தைக் கண்டு வியக்கும்போது, அதே குளிரிலே, காண்பார் எவருமின்றி, பிரெக்கன் மலையில் ஒருவன் பொதி சுமந்து நடந்துகொண்டிருக்கக்கூடும். அவன் பெயரை உலகம் அறியப்போவதில்லை. ஹியர்போர்ட் மணிக்கூட்டுக் கோபுரத்திலும் அப்பெயர் ஏறாதிருக்கட்டும் என்பதே அவன் வீட்டார் விரும்பக்கூடிய ஒரே புகழ்.